ஊர் மாறும் குழந்தையும் அரசாங்கத்தின் கடமையும்

பிழைப்பை நாடி ஊர் பெயர்தல் தமிழருக்குப் புதியதோர் அனுபவமன்று. கடல் கடந்தும் மலை கடந்தும் சென்று தொழில் செய்து வாழ்ந்த மக்கள் நாம். ஆயினும், பெரியவர் ஒருவர் ஊர் மாறுவதற்கும் ஒரு குழந்தை ஊர் மாறுவதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. பெரியவர் தம் கைத்தொழிலையும் அனுபவத்தையும் உடன் கொண்டு செல்கிறார். இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவருக்குக் கோயம்புத்தூரிலும் வேலை உண்டு. புனேயிலும் வேலை உண்டு. குழந்தையோ தனக்குரியவற்றுள் பெரும்பகுதியை விட்டுவிட்டே புறப்படுகின்றது. பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயர், நண்பகலில் கிடைத்த உணவு, தடுப்பூசி போட வந்த செவிலியர், 'நேற்று ஏன் வரவில்லை?' என்று கேட்ட ஆசிரியர் ஆகிய அனைத்தும் பழைய ஊரிலேயே நின்று விடுகின்றன. புதிய ஊரில் அவற்றைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ரஞ்சன்காவ் என்னும் ஊரை எண்ணிப் பார்ப்போம். புனே நகரிலிருந்து, முன்னர் அகமத்நகர் எனப்பட்ட அகில்யாநகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சிரூர் வட்டத்தில் அமைந்தது இவ்வூர். அஷ்ட விநாயகத் தலங்களுள் ஒன்றாகிய மகாகணபதி ஆலயம் இங்கே உள்ளது. நெடுங்காலம் யாத்திரிகர் வந்து போகும் தலமாக மட்டுமே விளங்கிய இவ்வூரில், மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் ஒரு பெரிய தொழிற்பேட்டையை நிறுவியது. மோட்டார் கார்களும் வீட்டு உபயோகத்திற்கான மின்சாதனங்களும் இன்று அங்கே உற்பத்தியாகின்றன. ஆகவே, சாமி கும்பிட வருவோரைப் போலவே வேலை தேடி வருவோரும் பல மாநிலங்களிலிருந்து இங்கே வந்து சேருகின்றனர்.

இத்தகைய ஊரில் வெளியூர்க் குழந்தைகள் மூவகையினராக இருப்பதைக் காணலாம். ஆலைகளில் வேலை செய்வோர் சுற்றுப்புறத்தில் வாடகை அறை எடுத்துக் குடியிருப்பர். அவர்தம் குழந்தைகள் ஒரு வகையினர். ஆலையையும் வீட்டையும் கட்டுகின்ற தொழிலாளர் கட்டிடம் முடிந்தவுடன் அடுத்த இடத்திற்குப் போய்விடுவர். அவர்தம் குழந்தைகள் மற்றொரு வகையினர். தீபாவளிக்குப் பின் கரும்பு வெட்டுவதற்காக மராத்வாடா முதலிய வறண்ட பகுதிகளிலிருந்து வந்து, வெட்டு முடியும் வரை தங்கிச் செல்வோரின் குழந்தைகள் மூன்றாம் வகையினர். முதல் வகையினர் வேற்று மொழியினர். மூன்றாம் வகையினர் மராத்தியே பேசுவோர். ஆயினும் மூவர்க்கும் நேரும் துன்பம் ஒன்றே. பழைய பள்ளி, 'மாணவன் வரவில்லை' என்று பெயரை நீக்கிவிடுகின்றது. புதிய ஊர்ப் பள்ளியோ, 'எம்மிடம் எவரும் வரவில்லை' என்று வாளாவிருக்கின்றது. இரண்டு பதிவேடுகளும் பிழையற்றவை. குழந்தை மட்டும் இரண்டிலும் இல்லை.

குழந்தையின் நலனுக்கு அரசாங்கம் பொறுப்பாளி என்னும் எண்ணம் நம் நாட்டில் மெல்ல மெல்லவே வேரூன்றியது. அவ்வரலாற்றில் புனேக்கும் தமிழகத்திற்கும் சிறந்த இடம் உண்டு. 1848இல் சாவித்திரிபாய் பூலேயும் ஜோதிராவ் பூலேயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தது புனேயிலேதான். அங்கே பெர்கூசன் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கோபால கிருஷ்ண கோகலே, 1911இல் இந்தியச் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவருக்குக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதும், அதன் செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பதும் அவர் கோரிக்கை. மறு ஆண்டு அம்மசோதா தோற்கடிக்கப்பட்டது. ஆனால், எண்ணம் தோற்கவில்லை. 1917இல் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் தம் சமஸ்தானத்தில் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சட்டமாக்கினார். 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டமொன்றை இந்நாட்டிலேயே முதன்முதலாக இயற்றியது. வங்கம் 1922இலும் பம்பாய் 1924இலும் அவ்வழியைப் பின்பற்றின.

உணவின் வரலாறும் இவ்வாறே. சென்னை நகராட்சிப் பள்ளிகளில் 1920ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய மதிய உணவு முயற்சியை, 1956இல் காமராசர் மாநில அளவில் விரிவாக்கினார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 1995இல் மத்திய அரசாங்கம் நாடு முழுமைக்குமான திட்டத்தைத் தொடங்கியது. அரிசியாகவோ கோதுமையாகவோ அளந்து கொடுத்தல் போதாது, சமைத்த உணவே அளிக்க வேண்டும் என்று 2001இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை உரிமையாகவே ஆக்கிற்று. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலைப் பள்ளிக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் உணவில் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் அளவும் வகுத்துள்ளது. தூத்துக்குடியில் உண்ணும் குழந்தைக்கும் ரஞ்சன்காவில் உண்ணும் குழந்தைக்கும் இவ்வளவு ஒன்றே.

கருணை வேறு, உரிமை வேறு. கருணையால் கிடைப்பதைக் கொடுப்பவர் விரும்பினால் நிறுத்தலாம்; உரிமையால் கிடைப்பதை நிறுத்தினால் காரணம் கேட்கலாம். இந்த வேற்றுமையை உலக நாடுகள் ஏற்றுக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் பட்டினியால் வாடிய குழந்தைகளுக்காக உழைத்த எக்லண்டைன் ஜெப் என்னும் ஆங்கில மாது வரைந்த சாசனத்தை 1924இல் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் ஏற்றது. ஐக்கிய நாடுகள் சபை 1959 நவம்பர் 20ஆம் நாள் பத்துக் கொள்கைகள் அடங்கிய பிரகடனத்தை வெளியிட்டது. சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1989 நவம்பர் 20ஆம் நாள், 54 விதிகள் கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை உருவாயிற்று. பிரகடனம் அறிவுரை போன்றது. உடன்படிக்கையோ தன்னை ஏற்றுக்கொண்ட நாட்டைக் கட்டுப்படுத்துவது. இந்தியா 1992 டிசம்பரில் அதனை ஏற்றது. குழந்தை எங்கே பிறந்தது, எம்மொழி பேசுவது என்னும் வேறுபாடு பாராமல் தன் ஆட்சிக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வுரிமைகளை அளிப்பது அரசாங்கத்தின் கடமை என்பது அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் விதி. நம் வினாவுக்கு விடையும் இதிலேயே அடங்கியுள்ளது. உரிமை குழந்தையைப் பின்தொடர்ந்து செல்வது. குழந்தை எந்த அரசாங்கத்தின் எல்லையில் வாழ்கின்றதோ அந்த அரசாங்கமே பொறுப்பாளி.

நம் அரசியலமைப்புச் சட்டமும் இதையே கூறுகின்றது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஆலையிலோ சுரங்கத்திலோ ஆபத்தான வேலையிலோ அமர்த்தலாகாது என்பது 24ஆம் பிரிவு. 2002இல் சேர்க்கப்பெற்ற 21-அ பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனைச் செயற்படுத்தும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கல்வி முன்னர் மாநிலங்களுக்கு மட்டுமே உரிய துறையாயிருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் மத்திய அரசாங்கத்திற்கும் அதில் பங்குண்டு. ஆகவே, டில்லி சட்டமும் பணமும் அளிக்கின்றது. மும்பையிலுள்ள மாநில அரசாங்கம் ஆசிரியர்களையும் பாடநூல்களையும் தருகின்றது. புனே ஜில்லா பரிஷத் பள்ளியை நடத்துகின்றது. கிராமப் பஞ்சாயத்து அண்மையிலிருந்து கவனிக்கின்றது. பொறுப்பு பலரிடம் பகிர்ந்திருத்தலால், ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்ளவும் இடமுண்டு. இதனை உணர்ந்தே, 'இடம் பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை' என்னும் கருத்தைக் கல்விச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வெளிப்படையாகவே வைத்துள்ளது.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் குடும்பம் நடைமுறையில் எதிர்ப்படும் நான்கு வாயில்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாயில் பிறப்புப் பதிவு. குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரிலேயே 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். 'ஊருக்குப் போகும்போது பதிந்து கொள்ளலாம்' என்று ஒத்திப் போடுவது பெருந்தொல்லையில் முடியும். சிரூரில் பிறந்த குழந்தையைச் சிவகங்கையில் பதிய இயலாது. 2023 அக்டோபர் முதல் நாளும் அதன் பின்னரும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று திருத்தச் சட்டம் கூறுவதால், இப்பதிவின் பயன் முன்னினும் பெருகியுள்ளது. எனினும், சான்றிதழ் இல்லை என்னும் காரணத்தால் தொடக்கக் கல்வியில் சேர்க்க மறுத்தல் கூடாது என்று கல்விச் சட்டத்தின் 14ஆம் பிரிவு காப்பும் அளித்துள்ளது.

இரண்டாம் வாயில் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடைபெறுவது இது. கருவுற்ற தாய்க்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் ஊட்ட உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை ஆகியவற்றோடு, மூன்று வயதுக்கு மேல் விளையாட்டோடு கூடிய முன்பருவக் கல்வியும் இங்கே கிடைக்கும். தடுப்பூசி அட்டை தமிழில் எழுதப்பட்டிருந்தாலும் கவலையில்லை. ஊசியின் பெயரும் தேதியும் எங்கும் ஒன்றே. ஆதலால், ஊர் விட்டுப் புறப்படும்போது நகைப்பெட்டியை மறவாதது போல இவ்வட்டையையும் மறவாதிருத்தல் நலம்.

மூன்றாம் வாயில் பள்ளி. இங்கேதான் இடர்ப்பாடு மிகுதி. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழை மகாராஷ்டிரத்தில் 'தாக்லா' என்பர். நாம் வழக்கு மன்றத்தில் 'தாக்கல் செய்தல்' என்கிறோமே, அச்சொல்லின் உறவுச் சொல்லே இது. தாக்லா வரத் தாமதமானால் குழந்தை காத்திருக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. சான்றிதழ் தாமதமாவதைக் காரணங்காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 5ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. ஆண்டின் இடையில் வந்தாலும் மறுத்தல் கூடாது. நுழைவுத் தேர்வு வைத்தலும் நன்கொடை கேட்டலும் குற்றம். ஒன்பது வயதுக் குழந்தை, இடையில் படிப்பு நின்றிருந்தாலும், தன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்கப்படும். விட்டுப்போன பாடங்களுக்கு மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரை தனிப் பயிற்சி பெறவும் உரிமையுண்டு.

நான்காம் வாயில் பாதுகாப்பு. துன்புறுத்தப்பட்ட, தொலைந்துபோன, வேலைக்கு அமர்த்தப்பட்ட குழந்தைக்கு மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அக்குழுவின் முன் கொண்டு வருதல் வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றத்தை அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ விரும்பிய இடத்திலோ சீருடையணியாத அதிகாரி பதிவு செய்வார். 1996இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற 1098 என்னும் தொலைபேசி எண், இன்று நாடெங்கும் இரவு பகலாகச் செயற்படுகின்றது; அழைப்புக்குக் கட்டணமில்லை.

குழந்தைத் தொழிலைப் பற்றியும் சில சொற்கள் கூறுதல் தகும். சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை முன்னிட்டு எழுந்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் புகழ்பெற்றதொரு தீர்ப்பை வழங்கிற்று. ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு அரசாங்கம் வேலை தேடித் தர வேண்டும் அல்லது 5,000 ரூபாய் நிதிக்கு அளிக்க வேண்டும் என்றும் அது விதித்தது. குழந்தையை விலக்கினால் மட்டும் போதாது, குடும்பத்தின் வருவாயையும் எண்ண வேண்டும் என்னும் நடைமுறை அறிவு அதில் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது. பதினெட்டு வயது வரை ஆபத்தான தொழிலில் அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில், ஆபத்தில்லாத உதவி செய்யலாம் என்பது ஒரு விலக்கு. நெடுஞ்சாலையோரம் சிற்றுண்டிக் கடை நடத்தும் நம்மவர் இதனை நன்கு உணர்தல் வேண்டும். மாலையில் மேசை துடைக்கும் மகன் வேறு. காலைக் கூட்டத்திற்காகப் பள்ளிக்குப் போகாது நிற்கும் மகன் வேறு. பின்னது சட்டத்தின் விலக்கில் அடங்காது.

சட்டங்கள் இத்துணை இருந்தும் குழந்தை வெளியே நிற்பதேன்? ஒரு காரணத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கு வராத ஒன்பது வயதுச் சிறுமியை அதிகாரி காணும்போது, 'பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை' என்று எழுதி விடுவது எளிது. ஆனால் அச்சிறுமியின் இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி இருப்பான். தாயும் தந்தையும் வேலைக்குப் போன பின் அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. கிராமத்தில் பாட்டி இருந்தாள்; தொழிற்பேட்டையில் பாட்டி இல்லை. அங்கன்வாடியோ சில மணி நேரமே திறந்திருக்கும்; ஆலையின் வேலைமுறை அதைவிட நீளமானது. எனவே அக்காளின் பள்ளிக் கல்வி, தம்பியின் காப்பகத்தைச் சார்ந்து நிற்கின்றது. பள்ளிக்கூடத்தை மட்டும் கட்டிவிட்டுக் காப்பகத்தை மறந்த அரசாங்கம் பாதிக் கடமையையே செய்ததாகும்.

இதனை நம் நாட்டில் சிலர் முன்னரே உணர்ந்தனர். 1969இல் டில்லியில், காந்தி நூற்றாண்டை ஒட்டி நடந்த கட்டுமான வேலையின் இடையே, மண்ணிலும் சிமெண்டுத் தூளிலும் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் என்னும் அம்மையார் அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். நடமாடும் காப்பகம் என்னும் அவ்வியக்கம் பின்னர் மும்பைக்கும் புனேக்கும் பரவியது. சட்டமும் பின்தங்கி இருக்கவில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் காப்பகம் வேண்டும் என 1948ஆம் ஆண்டுச் சட்டமும், 50 பெண்களுக்கு மேல் உள்ள கட்டுமான இடங்களில் வேண்டும் என 1996ஆம் ஆண்டுச் சட்டமும் கூறின. 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளிலும் அக்கடமை இடம் பெற்றது. எனினும், சிறு சிறு ஒப்பந்தக்காரர்களிடம் பிரிந்து வேலை செய்வோரும், வீட்டு வேலைக்குச் செல்வோரும் எந்த எண்ணிக்கையிலும் அடங்குவதில்லை. அவர்களுக்கு ஆலை முதலாளி காப்பகம் வைக்க மாட்டார். அரசாங்கமே வைத்தாக வேண்டும். தொழிற்பேட்டைக்குச் சாலையும் மின்சாரமும் தண்ணீரும் திட்டமிடும் போதே அங்கன்வாடியையும் காப்பகத்தையும் திட்டமிடுதல் அன்றோ முறை?

மகாராஷ்டிர அரசாங்கம் கரும்பு வெட்டுவோரின் குழந்தைகளுக்காகச் சொந்த ஊரிலேயே பருவகால விடுதிகளை நடத்தி வருவதைப் பாராட்டல் வேண்டும். பெற்றோர் புறப்பட்டாலும் குழந்தை பள்ளியில் நிற்க அது வழி செய்கின்றது. மாநிலம் கடந்து வரும் குழந்தைக்கு இத்தகைய ஏற்பாடு இன்னும் போதுமான அளவில் இல்லை. தமிழ்நாட்டின் செங்கற் சூளைகளிலும் பின்னலாடை ஆலைகளிலும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தாரின் குடும்பங்கள் வாழ்கின்றன. நாம் மகாராஷ்டிரத்தில் எதை எதிர்பார்க்கின்றோமோ, அதையே அவர்கள் தமிழ்நாட்டில் எதிர்பார்க்கின்றனர். ஒரு மாநிலத்தின் பதிவேட்டில் நீக்கப்படும் பெயர் மற்றொன்றின் பதிவேட்டில் சேர்ந்ததா என்று இரு அரசாங்கங்களும் ஒன்றையொன்று கேட்டறியும் பழக்கம் ஏற்பட்டாலன்றி இக்குறை முழுதும் நீங்காது.

மொழியைப் பற்றிய ஐயமும் எழும். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பெற்ற அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகின்றது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வந்தது இதற்கு நல்ல சான்று. ஆனால் தமிழ்க் குடும்பங்கள் சிதறி வாழும் சிற்றூரில் தனிப் பள்ளி எதிர்பார்த்தல் இயலாது. அங்கே குழந்தை மராத்தி கற்பது இழப்பன்று. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அம்மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடமாதலால், தொடக்கத்திலேயே அம்மொழியைப் பழகிய குழந்தைக்குப் பின்னர் இடர் குறையும். தமிழை வீட்டில் பேசியும் மாலையில் அரை மணி நேரம் படிக்கவும் எழுதவும் கற்பித்தும் காப்பாற்றலாம். வீடு அதற்கு ஏற்ற பள்ளி.

அரசாங்கத்தின் கடமையைக் கூறும்போது நம் கடமையையும் மறத்தல் கூடாது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்றும் அதே அரசியலமைப்பு கூறுகின்றது. அரசாங்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். வெளிமாநிலத்தார் என்பதால் அதில் அமரத் தடையில்லை. சேர்க்கை மறுக்கப்பட்டாலோ, உணவு முறையாகக் கிடைக்காவிட்டாலோ, வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாது, உள்ளாட்சிக்கு எழுத்து மூலம் முறையிடுதல் வேண்டும். மூன்று மாதத்திற்குள் அம்முறையீட்டின் மேல் முடிவெடுத்தல் சட்டப்படி அவர்கள் கடமை. முடிவு நிறைவளிக்காவிடில் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மராத்தி தெரிந்த அண்டை வீட்டாரின் உதவியால் எழுதப்படும் ஒரு பக்கத் தாள், நூறு மனக்குறைகளை விட வலிமையுடையது.

சட்டத்திலும் இன்னும் இடைவெளி உண்டு. ஆறு வயதுக்கு முன்னும் பதினான்கு வயதுக்குப் பின்னும் கல்வி அடிப்படை உரிமையாகவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை வேலைக்கு இழுக்கப்படுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். கோகலேயின் மசோதா பத்து வயதோடு நின்றது. இன்றைய சட்டம் பதினான்கு வரை வந்துள்ளது. பதினெட்டு வரை அதனைக் கொண்டு செல்வது நம் காலத்து அரசாங்கங்களின் முன் உள்ள பணி. அதுவரை, கிடைத்துள்ள உரிமையை ஒன்று விடாமல் கேட்டுப் பெறுவோம். பக்கத்து அறையில் குடியிருக்கும் பீகார்க் குடும்பத்தின் குழந்தைக்கும் கேட்டுக் கொடுப்போம். உரிமையைக் கேட்போர் பெருகுந்தோறும் அரசாங்கமும் தன் கடமையை மறக்க இடமிராது.